காற்றுக்கும் உண்டு லாரி வாடகை

என்னிடம் இயற்பியல் பயின்ற மாணவர் ஒருவர், படிப்பு முடிந்தபின் சொந்த ஊரில் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டி விற்கத் தொடங்கினார். ஒரு நாள் கையில் இரண்டு சீட்டுகளுடன் என்னைக் காண வந்தார். ஒன்று லாரி வாடகைச் சீட்டு. மற்றொன்று எடைமேடைச் சீட்டு.

“சார், 9 டன் ஏற்றக்கூடிய லாரியில் எனக்கு வந்தது வெறும் 320 கிலோ காலிப் புட்டிகள். ஆனால் முழு லாரி வாடகை 24,000 ரூபாயையும் வாங்கிவிட்டார்கள். இது நியாயமா?” என்று கேட்டார்.

“லாரியில் மேலும் ஏதேனும் ஏற்ற இடம் இருந்ததா?” என்று கேட்டேன். “இல்லை சார், கூரை வரை புட்டி மூட்டைகள்தான்” என்றார். அப்படியானால் அவரை யாரும் ஏமாற்றவில்லை. அவர் புட்டிகளுக்கு மட்டும் வாடகை கொடுக்கவில்லை. புட்டிகளுக்குள் இருந்த காற்றுக்கும் சேர்த்தே கொடுத்திருக்கிறார்.

அந்தக் காற்றை லாரியில் ஏற்றாமல் புட்டியை மட்டும் கொண்டுவர வழி உண்டா? உண்டு. தொழில் துறையினர் ‘பிரீஃபார்ம்’ என அழைக்கும் சிறு குழாய்தான் அவ்வழி. அது எப்படிச் செலவைக் குறைக்கிறது, எவ்வளவு குறைக்கிறது, யாருக்கு அது பயன்படும், யாருக்குப் பயன்படாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

எடையா, இடமா?

சரக்கு ஏற்றும் எந்த வண்டிக்கும் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, அது தாங்கக்கூடிய எடை. மற்றொன்று, அதில் உள்ள இடம். இரும்புக் கம்பி ஏற்றினால் லாரியின் தரை மறையும் முன்பே எடை எல்லை வந்துவிடும். பஞ்சு மெத்தை ஏற்றினால் கூரையை முட்டிய பின்னும் எடை எல்லைக்கு அருகில்கூட வராது. எந்த எல்லை முதலில் வருகிறதோ அதுவே வாடகையை நிர்ணயிக்கிறது.

ஆயுத பூசைக்கு முன் பொரி மூட்டைகளை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு போவோரைப் பார்த்திருப்பீர்கள். மூட்டை ஆள் உயரம் இருக்கும். ஆனால் ஒரு கையால் தூக்கிவிடலாம். அரிசியைப் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கொண்டுவருகிறார்கள். பொரியை அவ்வளவு தூரம் கொண்டுவருவதில்லை. விற்கும் ஊருக்கு அருகிலேயே பொரித்துக்கொள்கிறார்கள். காரணம் எளிது. அரிசி பொரியும்போது எடை கூடுவதில்லை, இடம்தான் கூடுகிறது. ஆகவே, பொரிப்பதற்கு முன் பயணம் செய்வதே சிக்கனம். புட்டியின் கதையும் இதுவே.

புட்டி பிறக்கும் விதம்

தண்ணீர், எண்ணெய், குளிர்பானம் ஆகியவை அடைத்து வரும் தெளிவான புட்டிகள் பெரும்பாலும் ‘பெட்’ எனச் சுருக்கமாக வழங்கும் பாலிஎத்திலீன் டெரெப்தாலேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இதனை 1941-இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன் என்னும் வேதியியலார் இருவர் கண்டறிந்தனர். முதலில் இது இழையாகத்தான் பயன்பட்டது. ஒரு காலத்தில் நம் ஊர்களில் பெருமையாக அணிந்த டெரிலின் சட்டை இப்பொருளால் ஆனதே. இன்றைய பாலியெஸ்டர் சட்டையும் தண்ணீர்ப் புட்டியும் வேதியியல் முறையில் உடன்பிறந்தவை.

இதிலிருந்து குளிர்பானத்தின் வாயு அழுத்தத்தைத் தாங்கும் புட்டியைச் செய்ய வழி கண்டவர், அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த நத்தானியல் வயத். புகழ்பெற்ற ஓவியர் ஆண்ட்ரு வயத்தின் உடன்பிறந்தவர் இவர். நைலான் இழையை இழுத்தால் அது உறுதி பெறுகிறது என்பது அப்போது தெரிந்த செய்தி. இழையை ஒரு திசையில் இழுப்பதுபோல, புட்டியின் சுவரை நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் ஆக இரு திசைகளில் இழுத்தால் என்ன என்று அவர் எண்ணினார். அம்முயற்சியின் பயனாக 1973-இல் பெட் புட்டிக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

புட்டி செய்யும் வேலை இரு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டத்தில், சிறு மணிகளாக உள்ள பெட் பிளாஸ்டிக்கை நன்கு உலர்த்தி, ஏறத்தாழ 280 டிகிரி செல்சியஸில் உருக்கி, குளிர்ந்த அச்சுக்குள் மிகுந்த அழுத்தத்துடன் செலுத்துகிறார்கள். வெளிவருவது, ஆய்வகத்தில் நாம் காணும் சோதனைக் குழாயைப் போன்ற தடித்த சுவருடைய சிறு குழாய். அதன் வாயில் மூடிக்கான திருகு மரை அப்போதே முழுமையாக அமைந்துவிடும். இதுவே பிரீஃபார்ம், புட்டியின் முன்னுரு எனலாம்.

இரண்டாம் கட்டத்தில், இக்குழாயின் உடலை மட்டும் அகச்சிவப்பு விளக்குகளால் ஏறத்தாழ 100 முதல் 110 டிகிரி வரை சூடாக்கி, புட்டி வடிவ அச்சுக்குள் வைத்து, உள்ளே ஒரு கம்பியால் நீளவாக்கில் இழுத்து, உயர் அழுத்தக் காற்றால் ஊதுகிறார்கள். சில வினாடிகளில் குழாய் புட்டியாகி விடுகிறது. 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடித்திருந்த சுவர் பத்து மடங்குக்கும் மேல் மெலிந்து பரவுகிறது. எடை ஒரு கிராம்கூட மாறுவதில்லை.

இவ்விரு கட்டங்களும் ஒரே கூரையின் கீழ்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. இடையில் ஒரு மாதமும் கழியலாம். 500 கிலோமீட்டரும் கழியலாம்.

பாதியில் நிறுத்த முடிவது எப்படி?

கண்ணாடிப் புட்டியும் ஊதித்தான் செய்யப்படுகிறது. ஆனால் அங்கே முன்னுருவைச் செய்தவுடன், அது செஞ்சூட்டில் இருக்கும்போதே ஊதிவிடுகிறார்கள். பெட் பிளாஸ்டிக்கில் மட்டும் வேலையைப் பாதியில் நிறுத்தி, வேறு ஊரில் தொடர முடிவது ஏன்?

பெட் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. உருகிய நிலையில் இச்சங்கிலிகள் சிக்குண்ட நூற்கண்டுபோல் கிடக்கும். மெதுவாகக் குளிரவிட்டால் அவை ஆங்காங்கே வரிசையாக அடுங்கிப் படிகங்களாகும், குழாய் வெண்மையாகிவிடும், பின்னர் அதனைச் சரியாக ஊத முடியாது. குளிர்ந்த நீர் ஓடும் அச்சில் விரைவாகக் குளிர்வித்தால், வரிசையாவதற்கு நேரமின்றிச் சங்கிலிகள் சிக்கிய நிலையிலேயே உறைந்துவிடும். குழாய் தெளிவாக, கண்ணாடிபோல் இருக்கும்.

உறைந்த இந்நிலை ஏறத்தாழ 75 டிகிரி வரை நிலைத்திருக்கும். இதனைக் கண்ணாடி மாற்ற வெப்பநிலை என்பர். அதற்குக் கீழே பொருள் கெட்டியானது. அதற்கு மேலே ரப்பர்போல் இழுபடக் கூடியது. கோடை வெயிலில் நின்ற லாரிக்குள்ளும் வெப்பம் பொதுவாக இந்த அளவை எட்டுவதில்லை. எனவே பிரீஃபார்ம் கெட்டியாகவே பயணம் செய்கிறது. நெல்லைக் கொட்டுவதுபோல் ஆயிரக்கணக்கில் பெட்டிக்குள் கொட்டலாம். அடியிலுள்ளவை நசுங்குவதில்லை. மெல்லிய சுவருடைய காலிப் புட்டியை அப்படிக் கொட்ட முடியுமா?

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. ஊதும்போது இழுபடும் சங்கிலிகள் இரு திசைகளிலும் நீண்டு வரிசைப்படுகின்றன. புட்டியின் உறுதி அப்போதுதான் பிறக்கிறது. ஆகவே ஊதுவது என்பது வடிவம் கொடுக்கும் வேலை மட்டுமன்று. வலிமை கொடுக்கும் வேலையும் ஆகும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வீசி எறியும் தண்ணீர்ப் புட்டி ஒன்றை மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு பாத்திரத்தில் நிறுத்தி, அதனுள் கொதிக்கும் நீரை மெல்ல ஊற்றுங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டா. பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது. புட்டியின் உடல் சுருங்கிக் கோணிப் போவதைக் காண்பீர்கள். இழுத்து நிறுத்தப்பட்ட சங்கிலிகள் சூடு பட்டதும் பழைய நிலையை நோக்கிச் சுருண்டுகொள்ள முயல்கின்றன. ஆனால் வாய்ப்பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஏனெனில் அது ஒருபோதும் இழுக்கப்படவில்லை. பிரீஃபார்மில் இருந்த வாய்தான் புட்டியிலும் இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இனி மாணவரின் லாரிக்கு வருவோம். லாரியின் உட்புறம் 6 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலம், 2.3 மீட்டர் உயரம். கன அளவு ஏறத்தாழ 32 கன மீட்டர். 400 கிலோமீட்டர் தூரத்துக்கு வாடகை 24,000 ரூபாய்.

ஒரு லிட்டர் புட்டி என்றாலும் லாரியில் அது அடைக்கும் இடம் ஒரு லிட்டர் அன்று. உருண்டை வடிவமானதால் மூலைகளில் இடைவெளி விடும். கழுத்தைச் சுற்றி இடம் வீணாகும். மூட்டைகளுக்கு இடையிலும் சந்து இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு புட்டிக்கு 2 லிட்டர் எனக் கொள்ளலாம். எனவே ஒரு கன மீட்டருக்கு 500 புட்டிகள். லாரிக்கு 16,000 புட்டிகள். ஒரு புட்டி 20 கிராம் என்றால் மொத்த எடை 320 கிலோ. எடைமேடைச் சீட்டு சொன்னதும் இதுதான். புட்டி ஒன்றுக்கு லாரிச் செலவு 1 ரூபாய் 50 காசு.

அதே 20 கிராம் பிரீஃபார்மை எடுத்துக்கொள்வோம். நீளம் ஏறத்தாழ 9 செ.மீ.; உடலின் குறுக்களவு 2.4 செ.மீ. பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி இந்நிலையில் கன செ.மீ.க்கு 1.33 கிராம். ஆகவே 20 கிராமில் உள்ள உண்மையான பிளாஸ்டிக் 15 கன செ.மீ. மட்டுமே. குழாயின் உட்குடைவையும் சேர்த்தால் 40 கன செ.மீ. ஒழுங்கின்றிக் கொட்டும்போது குழாய்களுக்கு இடையே வரும் சந்துகளையும் சேர்த்தால் 70 கன செ.மீ. பெட்டியின் கனம், அடிப்பலகை, பெட்டிகளுக்கு இடையேயும் கூரைக்குக் கீழேயும் விடுபடும் இடம் எல்லாம் சேர்த்தால் ஒரு பிரீஃபார்முக்கு 100 கன செ.மீ. ஆகிறது.

புட்டிக்கு 2,000 கன செ.மீ.; பிரீஃபார்முக்கு 100. இருபதில் ஒரு பங்கு! லாரியில் 16,000-க்குப் பதிலாக 3,20,000 ஏற்றலாம். எடை 6,400 கிலோ. பெட்டிகளோடு சேர்த்தாலும் 9 டன்னுக்குள் அடங்கும். ஒன்றுக்கு ஆகும் வாடகை ஏழரைக் காசு.

வேறு விதமாகவும் சொல்லலாம். 1.1 மீட்டர் நீள, அகல, உயரமுள்ள ஒரே பெட்டியில் ஏறத்தாழ 16,000 பிரீஃபார்ம்கள் கொள்ளும். ஒரு லாரி நிறைய வந்த புட்டிகள் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன! மாணவர் வீட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்த புட்டிக் குவியலும் ஒரு மூலைக்குப் போய்விடும்.

இன்னும் ஒரு படி பின்னோக்கிப் போய், பிளாஸ்டிக்கை மணிகளாகவே கொண்டுவந்தால் என்ன? மணிகள் நெருக்கமாக அடையும். லாரியின் இடம் நிரம்பும் முன்பே 9 டன் எடை எல்லை வந்துவிடும். 9 டன்னில் 4,50,000 புட்டிகளுக்குரிய பொருள் உண்டு. புட்டிக்கு வாடகை ஏறத்தாழ 5 காசு. பிரீஃபார்முக்கும் மணிக்கும் வேறுபாடு இரண்டு காசுதான். ஆனால் பிரீஃபார்முக்கும் புட்டிக்கும் வேறுபாடு ஒரு ரூபாய் நாற்பது காசுக்கும் மேல். எந்தக் கட்டத்தை வாடிக்கையாளருக்கு அருகில் நடத்த வேண்டும் என்பதை இவ்வெண்கள் தெளிவாகக் காட்டுகின்றன. உருக்கி வார்க்கும் வேலைக்குப் பெரிய எந்திரம் தேவை; அது தொலைவில் இருக்கட்டும். காற்றைச் சேர்க்கும் வேலை மட்டும் அருகில் நடக்கட்டும்.

ஆல்ஃபிரட் வெபர் என்னும் ஜெர்மானியப் பொருளியலார் 1909-இலேயே தொழிற்சாலைகளின் இருப்பிடம் பற்றி இத்தகைய சிந்தனையை வகுத்தார். நூறு கிலோ கரும்பில் கிடைக்கும் சர்க்கரை ஏறத்தாழ 10 கிலோ. ஆகவே சர்க்கரை ஆலை கரும்பு வயலுக்கு அருகில் இருக்கிறது. செய்முடிவில் சுமை குறைந்தால் ஆலை மூலப்பொருளின் பக்கம். சுமை கூடினால் சந்தையின் பக்கம். புட்டியில் கூடுவது எடை அன்று, இடம். விளைவு ஒன்றே. பெரிய குளிர்பான ஆலைகள் பலவற்றில் ஊதும் எந்திரத்தை நிரப்பும் எந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருப்பதன் காரணமும் இதுவே.

பார்சலில் அனுப்பினால்?

முழு லாரி எடுக்காமல் விமானப் பார்சலில் மாதிரிக்காகச் சில நூறு புட்டிகளை வரவழைப்போரும் உண்டு. எடை குறைவுதானே என்று எண்ணிப் பின்னர் கட்டணத்தைக் கண்டு திகைப்பர். கூரியர் நிறுவனங்கள் ‘கன எடை’ என ஒன்றைக் கணக்கிடுகின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செ.மீ.யில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பன்னாட்டுக் கூரியர்களின் வழக்கம். வரும் எண்ணே கிலோவில் கன எடை. உண்மை எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்.

2,000 கன செ.மீ. இடம் அடைக்கும் புட்டியின் கன எடை 400 கிராம். உண்மை எடையோ 20 கிராம்! பெட்டிக்குள் 70 கன செ.மீ. அடைக்கும் பிரீஃபார்முக்குக் கன எடை 14 கிராம்தான்; உண்மை எடை அதைவிட அதிகம். ஆகவே புட்டிக்கு 400 கிராமுக்கும், பிரீஃபார்முக்கு 20 கிராமுக்கும் கட்டணம் செலுத்துவோம். இங்கேயும் இருபது மடங்கு வேறுபாடு வருவதைக் கவனியுங்கள்.

பிரீஃபார்மிலும் காற்று உண்டு

பிரீஃபார்ம் அடைக்கும் 100 கன செ.மீ.யில் பிளாஸ்டிக் 15 மட்டுமே என்று கண்டோம். மீதி 85-இல் பெரும்பகுதி காற்றுதான். பிரீஃபார்ம் விற்போர் அனுப்பும் செலவை மேலும் குறைக்க முயல்வதெல்லாம் இந்த 85-இல்தான்.

உட்குடைவின் 25-ஐ அதிகம் குறைக்க முடியாது. வாயின் அளவு மூடிக்கு ஏற்ப நிலைத்துவிட்டது. இழுக்கும் கம்பி உள்ளே நுழையவும் வேண்டும்.

குழாய்களுக்கு இடையிலுள்ள 30-ஐக் குறைக்க ஒரு பழைய வழி உண்டு. மரக்காலில் நெல் அளப்போர் குலுக்கி அளந்தால் அதே மரக்காலில் கூடுதல் நெல் கொள்ளும் என்பது நம் பாட்டிமார் அறிந்த இயற்பியல். பெட்டியை நிரப்பும்போது அதிர வைத்தால் குழாய்கள் சந்துகளில் இறங்கி நெருங்கும். கையால் ஒழுங்காக அடுக்கினால் இன்னும் நெருங்கும். வளையமில்லாத உருளைகளைத் தேன்கூட்டு முறையில் அடுக்கினால் இடத்தில் 90 சதவீதம் வரை நிரம்பும் என்பது கணித உண்மை. ஆனால் பிரீஃபார்மின் கழுத்தில் உடலைவிடப் பெரிய வளையம் ஒன்று உண்டு, அது நெருங்கவிடாது. மேலும் 16,000 குழாய்களை அடுக்கும் கூலி, மிச்சமாகும் வாடகையை விழுங்கிவிடும். ஆகவே கொட்டிக் குலுக்குவதே நடைமுறை.

கடைசி 30-இல்தான் எளிதில் தவறு நேர்கிறது. நம் லாரியின் உள் அகலம் 2.3 மீட்டர். பெட்டியின் பக்கம் 1.1 மீட்டராக இருந்தால் அகலவாக்கில் இரண்டு, உயரவாக்கில் இரண்டு, நீளவாக்கில் ஐந்து, ஆக 20 பெட்டிகள் ஏறும். பெட்டியைச் சற்றே பெரிதாக்கி 1.2 மீட்டர் ஆக்கினால் என்ன ஆகும்? அகலவாக்கில் ஒன்றுதான் நுழையும்; உயரவாக்கிலும் ஒன்றுதான். நீளவாக்கில் ஐந்து. மொத்தம் 5 பெட்டிகள்! பத்து சென்டிமீட்டர் பேராசை லாரியின் பெரும்பகுதியைக் காலியாக்கிவிட்டது. பெட்டியின் அளவை அதை நிரப்பும் பொருளிலிருந்து தொடங்காமல், அதை ஏற்றும் வண்டியிலிருந்து தொடங்கித் தீர்மானிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பிரீஃபார்மின் எடையைக் குறைப்பது மற்றொரு வழி. குளிர்பானப் புட்டிகளின் வாய்ப்பகுதியில் மட்டும் முன்பு 5 கிராம் பிளாஸ்டிக் இருந்தது. மரையின் உயரத்தைக் குறைத்து அதனை 4 கிராமுக்கும் கீழே கொண்டுவந்துள்ளனர். பொருளும் மிச்சம், குழாயின் நீளம் குறைவதால் இடமும் மிச்சம்.

அப்படியானால் எல்லாரும் ஊதலாமா?

இவ்வளவும் கேட்ட மாணவர், “அப்படியானால் நாளைக்கே ஊதும் மெஷின் வாங்கிவிடுகிறேன் சார்” என்றார். “பொறுங்கள், கணக்கின் மறுபாதி இருக்கிறது” என்றேன்.

முதலில் மின்சாரம். ஒரு லிட்டர் புட்டிக்குள் 30 வளிமண்டல அழுத்தத்தில் காற்றைச் செலுத்த, சமவெப்ப அமுக்கமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 10 கிலோஜூல் ஆற்றல் தேவை. கம்ப்ரசரிலும் குழாய்களிலும் ஏற்படும் இழப்புக்காக இதனை மூன்று மடங்காக்குவோம், 30 கிலோஜூல். 20 கிராம் பிளாஸ்டிக்கை 30 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்குச் சூடாக்க 2 கிலோஜூல் போதும். விளக்கொளியில் பெரும்பகுதி வீணாவதால் இதனை 10 எனக் கொள்வோம். ஆக மொத்தம் 40 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 3,600 கிலோஜூல் ஆதலால் ஒரு யூனிட்டில் 90 புட்டிகள் ஊதலாம். யூனிட் 9 ரூபாய் என்றால் புட்டிக்கு 10 காசு. மின்சாரம் பெரிய தடையன்று.

தடையாவது எந்திரமும் ஆளும்தான். ஊதும் எந்திரம், கம்ப்ரசர், அச்சுகள் எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய் என்றும், ஐந்து ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2 லட்சம். ஆள் சம்பளம், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு 3 லட்சம். ஆக ஆண்டுக்கு 5 லட்சம். ஒரு புட்டி ஊதினாலும் இதே செலவு, ஒரு லட்சம் ஊதினாலும் இதே செலவு.

இதற்கு எதிராக மிச்சமாவது என்ன? புட்டியின் வாடகை 1 ரூபாய் 50 காசு மிச்சம். புட்டி விலையில் அடங்கியுள்ள ஊதுகூலி, 50 காசு எனக் கொண்டால், அதுவும் மிச்சம். ஒரே பெட்டியைப் பார்சல் சர்வீஸில் வரவழைத்தால் முழு லாரிக் கணக்கைவிட இரு மடங்கு ஆகும் எனக் கொண்டு, பிரீஃபார்மின் வாடகை 15 காசைக் கழிப்போம். மின்சாரம் 10 காசைக் கழிப்போம். நிகர மிச்சம் புட்டிக்கு 1 ரூபாய் 75 காசு.

5 லட்சத்தை 1.75-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,86,000 புட்டிகள். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால், நாளொன்றுக்கு 950 புட்டிகளாவது ஊதினால்தான் எந்திரம் கட்டுப்படியாகும். தூரம் பாதியானால் வாடகையும் பாதியாகும். அப்போது 1,550 புட்டிகளாவது தேவைப்படும். அருகிலேயே புட்டி கிடைத்தால் எந்திரத்தை நினைக்கவே வேண்டா.

மாணவரின் தேவை நாளொன்றுக்கு 300 புட்டிகள். ஓர் ஆண்டில் அவர் புட்டிகளுக்குக் கொடுக்கும் வாடகை 1,35,000 ரூபாய். அதை மிச்சப்படுத்த ஆண்டுக்கு 5 லட்சம் செலவிடுவது அறிவுடைமை ஆகாது. தனியாக எந்திரம் வாங்கியிருந்தால் காற்றுக்குக் கொடுத்த வாடகையைவிடக் கூடுதலாக வட்டிக்காரருக்குக் கொடுத்திருப்பார்.

ஆனால் கணக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. சுற்று வட்டாரத்தில் அவரைப் போலவே எண்ணெய், பழச்சாறு, பினாயில் அடைப்போர் மேலும் மூவர் இருந்தனர். நால்வரும் சேர்ந்தால் நாளொன்றுக்கு 1,200 புட்டிகள். ஆண்டுக்கு 3,60,000. மிச்சம் 6,30,000 ரூபாய்; செலவு 5 லட்சம். இப்போது கணக்கு நேராகிறது. ஒரே பிரீஃபார்மை வெவ்வேறு அச்சுகளில் வைத்து வெவ்வேறு வடிவப் புட்டிகளாக ஊதலாம் என்பதால், நால்வரின் புட்டியும் ஒன்றுபோல் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வாயும் எடையும் மட்டும் பொதுவாக இருந்தால் போதும். நால்வரும் சேர்ந்து வாங்கலாம். அல்லது பக்கத்து நகரில் கூலிக்கு ஊதித் தருபவரிடம் தங்கள் பெட்டியைக் கொடுத்து, 30 கிலோமீட்டருக்கு மட்டும் காற்றுக்கு வாடகை கொடுக்கலாம்.

இங்கே நான் எடுத்துக்கொண்ட வாடகை, எந்திர விலை, கூலி ஆகியவை கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தை விசாரித்து அந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் வகுத்துப் பார்க்கும் முறை மாறாது.

திரும்பும் பயணம்

இறுதியாக ஒன்று. எண்ணெய் தீர்ந்தபின் புட்டி மீண்டும் காலியாகிறது. மீண்டும் அதற்குள் காற்று. மறுசுழற்சி ஆலை 400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், நசுக்காத புட்டிகளை அதே லாரியில் ஏற்றினால் என்ன ஆகும்? 320 கிலோ பிளாஸ்டிக்குக்கு 24,000 ரூபாய். கிலோவுக்கு 75 ரூபாய் வாடகை! பழைய புட்டி வாங்கும் எந்த வியாபாரியும் இதைத் தாங்க மாட்டார். பத்தில் ஒரு பங்காக நசுக்கிக் கட்டினால் கிலோவுக்கு ஏழரை ரூபாய்தான். பழைய பொருள் சேகரிப்போர் ஒவ்வொரு புட்டியையும் காலால் மிதித்து நசுக்கிச் சாக்கில் போடுவதைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் செய்வது நாம் இங்கே செய்த கணக்கைத்தான்; தாளும் பென்சிலும் இல்லாமல் செய்கிறார்கள்.

பல சிற்றூர்களில் காலிப் புட்டிகள் வாய்க்காலில் மிதந்துகொண்டிருப்பதற்கு மக்களின் அசட்டை மட்டும் காரணமன்று; அவற்றை எடுத்துச் செல்லும் வாடகையும் ஒரு காரணம். அடுத்த முறை ஒரு புட்டியை எறியுமுன் மூடியைத் திறந்து, நசுக்கிக் காற்றை வெளியேற்றி, மீண்டும் மூடிப் போடுங்கள். ஒரு நொடி வேலைதான். அந்தப் புட்டி ஆலை வரை போய்ச் சேருமா, வாய்க்காலிலேயே தங்கிவிடுமா என்பது அந்த ஒரு நொடியில் தீர்மானமாகலாம்.